லேப்டாப் கேமராவில் படம் வரவில்லையா? கடைக்குத் தூக்கிப் போகும் முன் செய்து பார்க்க வேண்டியவை

லேப்டாப் திரையின் மேல் சட்டத்தில், நடுவில், மிளகு அளவுக்கு ஒரு கண்ணாடிப் புள்ளி இருக்கும். அதுதான் கேமரா. அதை ஒட்டிக் கடுகு அளவில் இன்னொரு புள்ளி தெரியும். கேமரா ஓடும்போது வெள்ளையாகவோ பச்சையாகவோ எரியும் விளக்கு அது. பல மாடல்களில் இரண்டு பக்கமும் ஊசி குத்தியதுபோல ஓட்டைகள் இருக்கும், அவை மைக். படம் வராத நாளில் எந்த செட்டிங்ஸையும் தொடுவதற்கு முன் இந்த மூன்றையும் உற்றுப் பாருங்கள். விளக்கு எரிந்தும் படம் கறுப்பாக இருப்பது ஒரு வகைக் கோளாறு. விளக்கே எரியாதது வேறு வகை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

இங்கே சொல்லும் படிகள் விண்டோஸ் 11-க்கானவை. விண்டோஸ் 10-லும் பெயர்கள் கொஞ்சம் மாறுமே தவிர வழி இதுதான். மேக்புக் வைத்திருப்பவர்களுக்கான குறிப்புகளை அங்கங்கே சேர்த்திருக்கிறோம்.

கேமராவைத் திறப்பது

ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி 'கேமரா' என்று ஆங்கிலத்தில் தட்டினால் விண்டோஸோடு வரும் கேமரா ஆப் மேலே வந்து நிற்கும். திறந்ததும் உங்கள் முகம் தெரிய வேண்டும். வலப்பக்கம் படம் எடுக்க ஒரு பொத்தான், வீடியோ எடுக்க ஒரு பொத்தான். எடுத்தவை பிக்சர்ஸ் ஃபோல்டருக்குள் கேமரா ரோல் என்ற ஃபோல்டரில் சேரும். மேக்கில் இதே வேலைக்கு ஃபோட்டோ பூத் இருக்கிறது.

புதிதாக வருபவர்களைக் குழப்பும் ஒன்றை இங்கேயே சொல்லிவிடலாம். மீட்டிங்கில் உங்கள் திரையில் தெரியும் உங்கள் முகம் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாறித் தெரியும். கையில் ஒரு தாளைப் பிடித்தால் எழுத்து உங்களுக்கு இடம் வலமாகப் புரண்டிருக்கும். எதிரில் இருப்பவருக்கு நேராகத்தான் போகிறது. இது கோளாறு இல்லை.

எல்லாவற்றுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி

ஜூமிலோ கூகுள் மீட்டிலோ படம் வரவில்லை என்றால் உடனே அந்த ஆப்பை நோண்டாதீர்கள். அதை முழுதாக மூடிவிட்டுக் கேமரா ஆப்பைத் திறங்கள். அங்கே முகம் தெரிந்தால் கேமரா, டிரைவர் (கேமராவை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்), கேபிள் எல்லாம் நலம். சிக்கல் மீட்டிங் ஆப்பிலோ பிரவுசரிலோ இருக்கிறது. அங்கேயும் தெரியாவிட்டால் சிக்கல் கீழ்த்தளத்தில் இருக்கிறது. ஜூமை எத்தனை முறை அழித்து மறுபடி ஏற்றினாலும் பயன் இல்லை. இந்த ஒரு பிரிப்பைச் செய்யாததால்தான் பலர் விண்டோஸையே மறுபடி ஏற்றும் வரை போய்விடுகிறார்கள்.

கேமரா ஆப் பிழை காட்டினால் அடியில் வரும் நீளமான குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். 4244 என்று முடிந்தால் விண்டோஸுக்குக் கேமராவே கண்ணில் படவில்லை என்று பொருள். 4243 என்றால் கேமரா இருக்கிறது, ஆனால் வேறொரு ஆப் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. கேமரா ஆப் மட்டும் முரண்டு பிடித்து, ஜூமில் படம் நன்றாக வருகிறதா? செட்டிங்ஸில் ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ் என்று போய், கேமராவுக்குப் பக்கத்து மூன்று புள்ளியில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸைத் திறந்து ரிப்பேர் கொடுங்கள். சரியாகாவிட்டால் ரீசெட்.

மூடி, சுவிட்ச், பொத்தான்

இப்போது வரும் பல லேப்டாப்களில் கேமராவை மறைக்க ஒரு சின்னத் தள்ளுமூடி உண்டு. நகம் பட்டாலே நகர்ந்துவிடும். மூடியிருந்தால் கண்ணாடிப் புள்ளி இருக்கும் இடத்தில் சிவப்புப் புள்ளியோ கோடு போட்ட பட்டையோ தெரியும். மொபைல் டார்ச்சை அடித்துப் பாருங்கள்: ஆழத்தில் லென்ஸ் மின்னினால் திறந்திருக்கிறது, தட்டையான பிளாஸ்டிக் தெரிந்தால் மூடியிருக்கிறது. புது லேப்டாப் என்றால் பெட்டியிலிருந்து எடுத்தபோது இருந்த பாதுகாப்புப் படலம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இந்த மூடிக்குப் பெரும்பாலும் மின்சாரத்தோடு சம்பந்தம் இல்லை. அதனால்தான் விளக்கு எரியும், படம் மட்டும் கரிய இருட்டாக இருக்கும்.

சுவிட்ச் வேறு. சில மாடல்களில் பக்கவாட்டில், யூஎஸ்பி துளைகளுக்கு அருகே, கேமரா படம் போட்ட சின்ன சுவிட்ச் இருக்கும். வேறு சிலவற்றில் கீபோர்டின் மேல்வரிசையில் குறுக்குக்கோடு போட்ட கேமரா படத்தோடு ஒரு பொத்தான் இருக்கும். தனியாகவோ எஃப்என் பொத்தானோடு சேர்த்தோ அழுத்த வேண்டும். அதன் மேல் விளக்கு எரிந்தால் கேமரா முடக்கப்பட்டிருக்கிறது. இந்த வகை சுவிட்ச் பல மாடல்களில் கேமராவை மின்வழியில் துண்டித்துவிடும். அப்போது விண்டோஸின் பார்வையில் அந்த லேப்டாப்பில் கேமராவே கிடையாது. 4244 வந்ததும் டிரைவர் தேட ஓடாமல் இந்த சுவிட்சைத் தேடுங்கள். தயாரிப்பாளரே ஏற்றித் தந்திருக்கும் மென்பொருளிலும், லெனோவோ வான்டேஜ் போன்றவற்றில், கேமரா பிரைவசி என்று ஒரு ஆன் ஆஃப் இருக்கலாம்.

அனுமதிகள்

விண்டோஸ் பொத்தானோடு ஐ எழுத்தை அழுத்தினால் செட்டிங்ஸ் திறக்கும். பிரைவசி அண்ட் செக்யூரிட்டி என்ற பகுதியில் கீழே இறங்கிக் கேமராவைத் தொடுங்கள். அங்கே மூன்று இடத்தைப் பார்க்க வேண்டும்.

1. முதல் சுவிட்ச், கேமரா ஆக்சஸ். இது மொத்த லேப்டாப்புக்கும். ஆஃப் ஆக இருந்தால் கீழே உள்ளவை எதுவும் வேலை செய்யாது.
2. அடுத்தது, ஆப்கள் கேமராவைப் பயன்படுத்த அனுமதிக்கும் சுவிட்ச். இதன் கீழே மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வழி வந்த ஆப்கள் ஒவ்வொன்றுக்கும் தனி சுவிட்ச் இருக்கும்.
3. பக்கத்தின் அடியில் டெஸ்க்டாப் ஆப்களுக்கான சுவிட்ச். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், இணையத்திலிருந்து இறக்கி ஏற்றிய ஜூம் எல்லாம் இந்த ஒற்றை சுவிட்சுக்குக் கீழேதான் வரும். மேலே உள்ள பட்டியலில் குரோமைத் தேடிக் காணாமல் திகைப்பவர்கள் அடிவரை இறங்கிப் பார்த்தால் போதும்.

இதே பக்கத்தில் இன்னொரு பயன் உண்டு. எந்த ஆப் கடைசியாக எப்போது கேமராவைத் தொட்டது, இந்த நிமிடம் எது பயன்படுத்திக்கொண்டிருக்கிறது என்று ஆப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும். 4243 வந்தால் குற்றவாளியை இங்கேயே பிடிக்கலாம்.

மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, கேமரா. ஆப் பெயருக்கு எதிரே ஆன் செய்த பிறகு அந்த ஆப்பை மூடித் திறக்க வேண்டும்.

அலுவலக லேப்டாப்பில் இந்த சுவிட்சுகள் சாம்பல் நிறத்தில் அசையாமல் இருந்தால் நிர்வாகம் பூட்டி வைத்திருக்கிறது. ஐடி பிரிவிடம்தான் கேட்க வேண்டும். ஆன்டிவைரஸையும் மறக்காதீர்கள். காஸ்பர்ஸ்கி, பிட்டிஃபெண்டர் போன்றவற்றில் வெப்கேம் பாதுகாப்பு என்று தனிப் பகுதி உண்டு. விண்டோஸில் எல்லாம் சரியாக இருந்தும் ஒரு ஆப்புக்கு மட்டும் படம் போகவில்லை என்றால் அங்கே அந்த ஆப் தடைப் பட்டியலில் இருக்கக்கூடும்.

பிரவுசரில் மட்டும் வராதபோது

ஆன்லைன் தேர்வு, வங்கியின் வீடியோ கேஒய்சி, இன்டர்வியூ என்று பலதும் பிரவுசருக்குள்ளேயே நடக்கின்றன. முதல்முறை தளம் கேமராவைக் கேட்கும்போது அவசரத்தில் 'பிளாக்' அழுத்திவிட்டால் பிரவுசர் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். அந்தத் தளத்துக்காக மறுபடி கேட்காது. குரோமில் முகவரிப் பட்டையின் இடது ஓரத்துச் சின்னத்தைத் தொட்டால் கேமரா, மைக்ரோஃபோன் இரண்டுக்கும் சுவிட்ச் இருக்கும். ஆன் செய்துவிட்டுப் பக்கத்தை ரீலோடு செய்யுங்கள். ரீலோடு செய்யாமல் காத்திருந்தால் ஒன்றும் நடக்காது.

தளத்தின் முகவரி பாதுகாப்பான இணைப்பாக, அதாவது 'எச்டிடிபிஎஸ்' என்று, தொடங்காவிட்டால் இன்றைய பிரவுசர்கள் அதற்குக் கேமராவைத் தரவே மாட்டா. அனுமதி கேட்கும் பெட்டிகூட வராது. சின்னக் கல்வி நிறுவனங்களின் பழைய தளங்களில் இது நடக்கலாம். அப்போது உங்கள் லேப்டாப்பில் திருத்த ஒன்றும் இல்லை. தளத்தை நடத்துபவரிடம் சொல்ல வேண்டும்.

ஒரு கேமராவுக்குப் பதில் மூன்று

ஆப்பின் வீடியோ செட்டிங்ஸில் கேமரா பட்டியலை விரித்தால் சில லேப்டாப்களில் இரண்டு மூன்று பெயர்கள் இருக்கும். முகத்தைக் காட்டி விண்டோஸில் நுழையும் வசதி உள்ள மாடல்களில் அகச்சிவப்புக் கேமரா ஒன்று தனியாக இருக்கும். பெயரில் 'ஐஆர்' என்று சேர்ந்து வரும். ஆப் அதைத் தேர்ந்துகொண்டால் படம் கறுப்பு வெள்ளையில் மணல் தூவியதுபோல, சிலவேளை விட்டு விட்டு மினுக்கும். ஓபிஎஸ் போன்ற வீடியோ பதிவு மென்பொருள் ஏற்றியிருந்தால் மெய்நிகர் கேமரா ஒன்றும் பட்டியலில் உட்கார்ந்திருக்கும். அது ஓடாதபோது அதைத் தேர்ந்தால் வெறும் திரையோ அந்த மென்பொருளின் சின்னமோதான் கிடைக்கும். பட்டியலில் 'இன்டகிரேட்டட்' என்று தொடங்கி 'ஐஆர்' இல்லாத பெயரைத் தேர்ந்தெடுங்கள்.

விண்டோஸில் ஒரு கேமராவை வழக்கமாக ஒரு நேரத்தில் ஒரு ஆப்தான் பிடிக்க முடியும். மீட்டிங் முடிந்து எக்ஸ் குறியை அழுத்தினாலும் டீம்ஸ் வகையறா ஆப்கள் டாஸ்க்பார் ஓரத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சின்னத்தில் ரைட் கிளிக் செய்து குவிட் கொடுங்கள். பிரவுசரில் மறந்துபோன மீட்டிங் டேபும் இதே வேலையைச் செய்யும்.

டிவைஸ் மேனேஜர்

இனிக் கீழ்த்தளம். ஸ்டார்ட் பொத்தானில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். கேமராஸ் என்ற பிரிவை விரியுங்கள். சில லேப்டாப்களில் இமேஜிங் டிவைசஸ் என்று இருக்கும். கேமராவின் பெயர் மேல் கீழ்நோக்கிய அம்பு இருந்தால் யாரோ முடக்கியிருக்கிறார்கள். ரைட் கிளிக், எனேபிள், முடிந்தது. மஞ்சள் முக்கோணம் இருந்தால் இருமுறை கிளிக் செய்து உள்ளே வரும் கோட் எண்ணைப் படியுங்கள். 28 என்றால் டிரைவர் ஏறவில்லை. 10 என்றால் கருவி தொடங்க மறுக்கிறது. டிரைவரை மாற்றிப் பார்க்கலாம். 43 என்றால் கருவியே கோளாறு சொல்லியிருக்கிறது. டிரைவரில் தீராவிட்டால் கேபிள் மீதோ கேமரா மீதோ சந்தேகம் போக வேண்டும்.

டிரைவரைத் தொடும் முன் ஒன்றைப் புரிந்துகொள்வது நல்லது. பெரும்பாலான லேப்டாப் கேமராக்கள் உள்ளுக்குள் யூஎஸ்பி வழியாகவே இணைக்கப்பட்டவை. நீங்கள் வெளியில் செருகும் வெப்கேமுக்கும் இதற்கும் இணைப்பு முறையில் வேறுபாடு கிடையாது. அதற்கான பொது டிரைவர் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே 'கேமரா டிரைவர்' என்று தேடி ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்குவதும், டிரைவர் அப்டேட்டர் என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களை ஏற்றுவதும் வேண்டாம். செய்ய வேண்டியது இவ்வளவே:

1. கேமரா பெயரில் ரைட் கிளிக், அன்இன்ஸ்டால் டிவைஸ். பிறகு மேலே ஆக்ஷன் மெனுவில் ஸ்கேன் ஃபார் ஹார்ட்வேர் சேஞ்சஸ். கேமரா மறுபடி தோன்ற வேண்டும்.
2. அப்டேட் ஒன்று ஏறிய மறுநாளிலிருந்து கெட்டது என்றால் பிராப்பர்ட்டீஸில் டிரைவர் டேபுக்குப் போய் ரோல் பேக் டிரைவர். பழைய பதிப்பு சேமிப்பில் இல்லாவிட்டால் அந்தப் பொத்தான் மங்கியிருக்கும்.
3. அதுவும் இல்லையென்றால் அப்டேட் டிரைவர், பிரவுஸ் மை கம்ப்யூட்டர், லெட் மீ பிக் என்று வரிசையாகப் போய் 'யூஎஸ்பி வீடியோ டிவைஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். தயாரிப்பாளரின் டிரைவர் அடம்பிடிக்கும் இடத்தில் இந்தப் பொது டிரைவர் வேலை செய்துவிடும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அண்மைக்கால மெல்லிய, விலை கூடிய லேப்டாப்கள் சிலவற்றில் கேமரா யூஎஸ்பி வழியாக இல்லாமல் நேரே பிராசசரின் படப் பகுதியோடு இணைந்திருக்கும். அவற்றில் பொது டிரைவர் உதவாது. வெறும் விண்டோஸை ஏற்றியதும் கேமரா காணாமல் போவது அங்கே இயல்பு. உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்துத் தயாரிப்பாளரின் சப்போர்ட் பக்கத்திலிருந்து சிப்செட், கேமரா டிரைவர்கள் இரண்டையும் ஏற்ற வேண்டும்.

பட்டியலில் கேமராவே இல்லையா? வியூ மெனுவில் ஷோ ஹிட்டன் டிவைசஸ் கொடுங்கள். மங்கிய எழுத்தில் தெரிந்து, உள்ளே கோட் 45 இருந்தால் முன்பு இருந்தது, இப்போது இணைப்பில் இல்லை. அப்படியே கீழே இறங்கி யூஎஸ்பி கன்ட்ரோலர்ஸ் பிரிவையும் பாருங்கள். வெளியே எதையும் செருகாதபோது அங்கே 'அன்னோன் யூஎஸ்பி டிவைஸ்' என்று மஞ்சள் முக்கோணத்தோடு ஒன்று நின்றால், அது பெரும்பாலும் உங்கள் கேமராதான்: மின்சாரம் வந்தும் தன் பெயரைச் சொல்ல முடியாமல் நிற்கிறது.

இந்தக் கட்டத்தில் லேப்டாப்பை முழுதாக அணைத்து எழுப்புங்கள். 'ஷட் டவுன்' கொடுத்தால் போதாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் விண்டோஸ், ஷட் டவுனின்போது தன் உட்கருவையும் டிரைவர்களின் நிலையையும் டிஸ்கில் சேமித்து, மறுநாள் அதையே எடுத்து வைக்கும். கோளாறும் கூடவே வந்துவிடும். ஷிஃப்ட் பொத்தானைப் பிடித்தபடி ஷட் டவுனைக் கிளிக் செய்யுங்கள். சார்ஜரைக் கழற்றுங்கள். பவர் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடித்து விடுங்கள். பிறகு போடுங்கள். எங்கோ சிக்கிக்கொண்ட கேமரா இதில் மீண்டு வருவது உண்டு.

பயாஸும் பென் டிரைவும்

லேப்டாப்பை ஆன் செய்த உடனே டெல், ஏசர், ஆசுஸ் மாடல்களில் எஃப்2, எச்பியில் எஃப்10, திங்க்பேடில் எஃப்1 தட்டினால் பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பு, திறக்கும். டெல்லில் சிஸ்டம் கான்ஃபிகரேஷன், திங்க்பேடில் செக்யூரிட்டிக்குள் ஐஓ போர்ட் ஆக்சஸ் போன்ற இடங்களில் கேமரா எனேபிள் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். இங்கே அணைத்திருந்தால் விண்டோஸில் எந்த வித்தையும் பலிக்காது. மற்றவற்றைத் தொடாமல் சேவ் செய்து வெளியே வாருங்கள்.

சாஃப்ட்வேரா ஹார்டுவேரா என்ற வழக்கை ஐயமின்றித் தீர்க்க ஒரு வழி இருக்கிறது: 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென் டிரைவில் உபுண்டு என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தை எழுதி, ஏற்றாமலே அதிலிருந்து பூட் செய்து, உள்ளே ஃபயர்ஃபாக்ஸில் ஏதாவது ஒரு கேமரா சோதனைப் பக்கத்தைத் திறப்பது. அங்கே முகம் தெரிந்தால் கேமரா நலம், விண்டோஸ்தான் பிரச்சினை. அங்கேயும் இல்லையென்றால் திருகைக் கழற்றும் வேலைதான். மேலே சொன்ன யூஎஸ்பி அல்லாத கேமராக்களுக்கு மட்டும் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம். லினக்ஸில் அவை வேலை செய்யாமல் போகலாம்.

கேபிள்

கேமரா என்பது திரைச் சட்டத்துக்குள் ஒட்டப்பட்ட, விரல் நீளமுள்ள ஒல்லியான சர்க்யூட் பட்டை. அதிலிருந்து கிளம்பும் மெல்லிய வயர்கள் திரையின் ஓரமாக இறங்கி, கீல் வழியாக வளைந்து மதர்போர்டுக்குப் போகின்றன. திரையைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் வயர் மடங்கி நிமிர்கிறது. ஆகவே ஒரு சோதனை: கேமரா ஆப்பைத் திறந்துவைத்துவிட்டு, திரையை மெதுவாக முன்னும் பின்னும் சாயுங்கள். ஒரு கோணத்தில் படம் வந்து, இன்னொன்றில் உறைந்தோ அறுந்தோ போனால், அல்லது யூஎஸ்பி கழற்றும் அந்த 'டொடுங்' ஓசை கேட்டால், கேபிள் நைந்திருக்கிறது.

மைக் பல மாடல்களில் இதே பட்டையில்தான் உட்கார்ந்திருக்கிறது. கேமராவும் மைக்கும் ஒரே நாளில் போனால் இரண்டும் தனித்தனியாகக் கெட்டுவிட்டன என்று எண்ண வேண்டாம்; பொதுவான கேபிளையோ பிளக்கையோ பாருங்கள். திரை மாற்றிய பிறகு கேமரா வேலை செய்யவில்லை என்றால் பட்டையின் சின்ன பிளக்கைத் திரும்பச் செருக மறந்திருப்பார்கள் என்பதே முதல் சந்தேகம். அதே கடையில் கொண்டுபோய்க் காட்டி, கட்டணமின்றிச் சரிசெய்யச் சொல்லுங்கள். பட்டையையே மாற்ற வேண்டும் என்றால் லேப்டாப்பின் முழு மாடல் எண்ணைச் சொல்லி உதிரிபாகம் கேளுங்கள். அது மதர்போர்டு வேலை அல்ல. சட்டத்தை நீங்களே நெம்பாதீர்கள். ஒல்லிச் சட்டம் பட்டென்று உடையும், டச் ஸ்கிரீனில் கண்ணாடியே ஒட்டப்பட்டிருக்கும்.

சரிசெய்யும் செலவு கட்டுப்படியாகாவிட்டால் யூஎஸ்பி வெப்கேம் ஒன்றைச் செருகிவிடலாம். ஐஃபோனும் மேக்கும் வைத்திருப்பவர்கள் 2022-ல் வந்த வென்ச்சுரா பதிப்பிலிருந்து போனையே மேக்கின் கேமராவாக வைத்துக்கொள்ளலாம். ஐஃபோன் எக்ஸ்ஆர் அல்லது அதற்குப் பிந்தைய மாடல் வேண்டும்.

படம் வருகிறது, ஆனால் மோசம்

720பி கேமரா என்றால் 1280×720 புள்ளிகள். ஒரு மெகாபிக்சல்கூட இல்லை. 1080பி என்றால் இரண்டு மெகாபிக்சல். சென்சாரும் மிகச் சிறியது. அதனால் வெளிச்சம் குறைந்தால் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது. விநாடிக்கு 30 படம் 15 ஆகக் குறைந்து கை அசைவு இழுபடும். நெட் ஸ்லோ என்று நினைத்துப் பலர் ரௌட்டரைத் திட்டுகிறார்கள். ஜன்னலுக்கு எதிராக உட்காருங்கள், முதுகு காட்டி உட்காராதீர்கள். இரவில் திரைக்குப் பின்னால், கண் மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு விளக்கு. லேப்டாப்புக்கு அடியில் நான்கு தடித்த புத்தகம் வைத்தால் கேமரா கண் உயரத்துக்கு வரும். மூக்குத் துளையும் மின்விசிறியும் தெரியாது.

படத்தில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஊர்ந்தால் அது விளக்கோடு கேமராவுக்கு ஏற்பட்ட தாளப் பிசகு. இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. கேமரா அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸுக்கு அமைந்திருந்தால் ஒவ்வொரு வரியிலும் வெவ்வேறு அளவு ஒளி விழுந்து பட்டையாகத் தெரிகிறது. கேமரா ஆப்பின் செட்டிங்ஸில் வீடியோ பகுதியில் ஃபிளிக்கர் ரிடக்ஷனை 50 ஹெர்ட்ஸ் ஆக்குங்கள். படம் முழுதும் பனி மூட்டமாக இருந்தால் லென்ஸில் விரல் ரேகை இருக்கிறது. கண்ணாடி துடைக்கும் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றித் துடையுங்கள். எதையும் நேரே தெளிக்காதீர்கள், ஓட்டை வழியாக மைக்குக்குள் போகும்.

மூடி வைப்பது

விளக்கு எரியாவிட்டால் யாரும் பார்க்கவில்லை என்று முழுதாக நம்பலாமா? 2008-க்கு முந்தைய சில மேக்புக்குகளில் விளக்கை எரியவிடாமலே கேமராவை இயக்க முடியும் என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் செய்து காட்டினார்கள். தேவையில்லாதபோது தள்ளுமூடியை மூடிவைப்பது நல்ல பழக்கம். மூடி இல்லாத மாடலில் செல்லோடேப்பை நேரே லென்ஸில் ஒட்டாதீர்கள், பசை படியும். சின்னத் தாள் துண்டை லென்ஸ் மேல் படும்படி வைத்து, ஓரங்களில் மட்டும் ஒட்டுங்கள். தடித்த பிளாஸ்டிக் மூடிகளை வாங்கி ஒட்டி லேப்டாப்பை மூடினால் திரை விரிசல் விடலாம், மேக்புக்கில் 0.1 மில்லிமீட்டருக்கு மேல் தடித்த எதையும் வைக்க வேண்டாம் என்கிறது ஆப்பிள், அதாவது ஒரு பிரின்டர் தாளின் கனம். பக்கத்தில் வெளிச்சத்தை அளக்கும் சென்சார் இருந்தால் அதன் மேல் தாள் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டால் திரையின் பிரைட்னஸ் தானாக மங்கிப்போகும்.